திருகோணமலை வெக்கையில் போன் பற்றரியைக் காப்பது: அளவெடுப்பதிலிருந்து மாற்றுவது வரை

"20க்குக் கீழே போகவிடாதே, 80க்கு மேலே ஏற்றாதே" என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. அதில் பிழையில்லை. ஆனால் அந்த விதியை ஒழுங்காகக் கடைப்பிடிப்பவரின் போன்கூட ஒன்றரை வருடத்தில் மதியத்தோடு செத்துவிடுகிறது. தகரக் கூரைக்குக் கீழே, தடித்த றப்பர் கவருக்குள், ஹொட்ஸ்பொட்டும் போட்டபடி அந்த 80 வீதம் ஏறியிருப்பதுதான் காரணம். நுவரெலியாவில் இருப்பவர் வீதத்தை மட்டும் கவனித்தால் போதும். இங்கே முதலில் சூடு, அடுத்தது சார்ஜர், வீதம் அதற்கும் பிறகு. கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. கையில் வைத்திருக்க வேண்டியவை

பெரிய செலவில்லை. போனோடு வந்த சார்ஜர், அல்லது அதே வோட் அளவுள்ள நம்பகமான ஒன்று. தடித்த, ஒரு மீற்றருக்கு மிஞ்சாத வயர். காய்ந்த ஈர்க்கு அல்லது பல்குத்தும் மரக்குச்சி. பாவிக்காத மென்மையான பல்துலக்கி. ஒரு மேசை மின்விசிறி. இவற்றோடு பற்றரியின் வெப்பத்தைக் காட்டும் ஒரு வழி.

அந்த வழி போனுக்குப் போன் வேறுபடும். பெரும்பாலான சாம்சங் போன்களில் டயல் செய்யும் இடத்தில் *#0228# என்று அடித்தால் பற்றரி நிலை தெரியும் பக்கம் திறக்கும். வெப்பம் அங்கே பாகை செல்சியஸில் இருக்கும். பார்த்துவிட்டு வெளியே வாருங்கள், அந்தப் பக்கத்தில் இருக்கும் வேறு பட்டன்களைத் தட்டவேண்டாம். மற்ற அன்ட்ரொய்ட் போன்களுக்கு அக்யூபேட்டரி என்ற செயலி போதும். ஐபோன் வெப்பத்தை வெளியே காட்டாது. கையில் பிடித்துப் பார்த்தும், திரை தானாக மங்குகிறதா, சார்ஜ் ஏறாமல் நிற்கிறதா என்று கவனித்தும்தான் கணிக்கவேண்டும்.

யூஎஸ்பி மீற்றர் ஒன்று கிடைத்தால் நல்லது. சார்ஜருக்கும் வயருக்கும் இடையில் மாட்டினால் எத்தனை வோல்ட், எத்தனை அம்பியர் போகிறது என்று காட்டும் சின்னப் பொருள் அது. இல்லாவிட்டாலும் வேலை நிற்காது.

2. மூன்று நாள் அளந்து பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் மூன்று நாட்களுக்கு, நாளைக்கு நான்கு தடவை வெப்பத்தைக் குறியுங்கள்: காலையில் எழும்பியதும், மதியம் ஒரு மணியளவில், சார்ஜில் போட்டு 20 நிமிடம் கழித்து, இரவு படுக்கப் போகும்போது. கொப்பியில் எழுதினால் போதும். இதைச் செய்யாமல் தொடங்குபவர்கள் எந்தப் பழக்கம் சூட்டைக் கொண்டுவருகிறது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, ஒரு கிழமையில் எல்லாவற்றையும் கைவிட்டுவிடுகிறார்கள்.

எண்களை இப்படி வாசியுங்கள். 35 பாகைக்குக் கீழே என்றால் கவலை இல்லை. 35க்கும் 40க்கும் இடையில் என்றால் பாவிக்கலாம், ஆனால் நாள் முழுக்க அப்படியே இருக்கவிடக் கூடாது. 40ஐத் தாண்டினால் சார்ஜில் போடவேண்டாம். 45 என்பது லித்தியம் அயன் பற்றரியைச் சார்ஜ் செய்வதற்குப் பொதுவாக வைக்கப்பட்டிருக்கும் மேல் எல்லை. அதை நெருங்கும்போது நல்ல போன்கள் தாமே மின்னோட்டத்தைக் குறைக்கும் அல்லது நிறுத்தும்.

சார்ஜ் ஏறும்போது பற்றரி பொதுவாகச் சுற்றுப்புறத்தைவிட 5 முதல் 10 பாகை கூடுதலாகச் சுடும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் வீட்டுக்குள்ளேயே 34 பாகை இருக்கிறது. அதோடு இந்த 10ஐக் கூட்டினால் 44. போனில் எந்தப் பழுதும் இல்லாமலேயே எல்லைக்கு வந்துவிடுகிறோம். வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லும் அறிவுரை இங்கே பாதிதான் பலிப்பதற்குக் காரணம் இந்தக் கூட்டல் கணக்கு.

3. சூட்டின் ஊற்றை அடைத்துவிடுங்கள்

முழு வேலையிலும் அதிகப் பலன் தருவது இந்தப் படி. பற்றரிக்குள் காரீயம் (கிராபைட்) பூசிய பக்கத்தில் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அது பற்றரியின் ஆயுள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக்கொண்டே போகும். தடிக்கும் ஒவ்வொரு தடவையும், மின்னைச் சுமக்கும் லித்தியத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும். வெப்பம் கூடினால் அந்த வேலை வேகமாக நடக்கும். 10 பாகை கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பு என்பது கைக்கணக்கு. இப்படிப் போன கொள்ளளவு எந்தச் செயலியாலும் திரும்பி வராது.

பற்றரித் துறையில் அடிக்கடி காட்டப்படும் ஓர் அட்டவணை இருக்கிறது. பாவிக்காமல் ஒரு வருடம் வைத்த பற்றரிகளைப் பற்றியது. 25 பாகையில், 40 வீதச் சார்ஜோடு வைத்தது ஒரு வருடம் கழித்து 96 வீதக் கொள்ளளவோடு இருந்தது. அதே 25 பாகையில் முழுச் சார்ஜோடு வைத்தது 80 வீதத்துக்கு வந்தது. 40 பாகையில் 40 வீதத்தோடு வைத்தது 85. 40 பாகையில் முழுச் சார்ஜோடு வைத்தது 65. கடைசி எண்ணை இன்னொரு தடவை பாருங்கள். சூடும் நிறைந்த சார்ஜும் சேர்ந்த அந்த நிலையில்தான் நம்மில் பலர் போனை இரவு முழுக்கத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.

வீட்டில். தகரம், சீற் போட்ட கூரையுள்ள அறைகள் மதியம் வெளியைவிடச் சூடாக இருக்கும். மேலே போகப்போகச் சூடு கூடும். போனை அலுமாரிக்கு மேலேயோ, சாமிப் படத்தட்டிலோ, ரீவிக்குப் பின்னாலோ வைக்காமல் கீழே கொண்டுவாருங்கள். சீமெந்துத் தரை, தரையோடு ஒட்டிய தாழ்வான மேசை, ஓடு பதித்த யன்னல் திண்டு ஆகியவை நல்ல இடங்கள். திண்டில் எந்த நேரத்திலும் வெயில் படக்கூடாது. மெத்தை, சோபா, தலையணை மூன்றும் தடை. பஞ்சு சூட்டை வெளியே விடாது.

கவர். சார்ஜில் போடும்போது கழற்றுங்கள். தடித்த சிலிக்கன் கவரும், பின்னால் காசு, அட்டை வைக்கும் பர்ஸ் கவரும் மோசம். இரண்டாம் படியில் எடுத்த அளவை கவர் இல்லாமல் இன்னொரு தடவை எடுத்தால் வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

ஓட்டோவிலும் காரிலும். முன் கண்ணாடியில் பிடிப்பி வைத்து, வரைபடம் ஓடவிட்டு, வண்டியின் சார்ஜரையும் குத்தினால் சூடு நான்கு பக்கமிருந்தும் வருகிறது: வெயில், முழு வெளிச்சத்தில் திரை, ஜிபிஎஸ், சார்ஜ். ஒன்றையாவது குறையுங்கள். போனைக் கண்ணாடியிலிருந்து இறக்கி, ஓட்டோ என்றால் கைபிடிக்குக் கீழே நிழலிலும், கார் என்றால் ஏசி காற்று வரும் வாயிலும் மாட்டுங்கள். பாதை தெரிந்த இடத்தில் திரையை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் கேட்கலாம். அனுராதபுரச் சந்தியிலிருந்து உப்புவெளிக்குப் போக வரைபடம் எதற்கு? வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் டாஷ்போர்டு 60 பாகையைத் தாண்டும். போனை அங்கே விட்டுப் போகவே கூடாது, பத்து நிமிடத்துக்கும்.

மோட்டார் சைக்கிளில். ஸ்கூட்டரின் சீற்றுக்குக் கீழே உள்ள பெட்டியில் வைத்தால் இயந்திரச் சூட்டோடு போன் வேகும். அதைவிடச் சட்டைப் பையே மேல். கைபிடியில் மாட்டுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: அதிர்வு கமராவின் படநிலைப்படுத்தியைக் கெடுக்கும்.

கடற்கரையில், படகில். டச்சுக் குடா மணலில் துவாயின் மேல் வைத்த போன் கீழிருந்தும் மேலிருந்தும் சுடும். துவாய்க்குள் சுற்றி, பைக்குள், பை நிழலில் இருக்கட்டும். நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போகிறவர்கள் பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டுவது ஈரத்துக்கு நல்லது, வெயிலில் அதே பை அடுப்பாகிவிடும். பையைப் படகின் இருக்கைக்குக் கீழே வையுங்கள். கரையை விட்டுத் தள்ளினால் சிக்னல் மெலியும். கோபுரத்தை எட்டுவதற்காகப் போன் கூடிய சக்தியோடு ஒலிபரப்பும், அதனாலும் சுடும், சார்ஜும் இறங்கும். படம் எடுக்க மட்டும்தான் போன் தேவை என்றால் விமானப் பயன்முறையில் போடுங்கள். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் காட்டு வழியே பஸ்ஸில் வரும்போதும் இது பொருந்தும்.

ஹொட்ஸ்பொட். வீட்டு இணைப்புக்குப் பதிலாகப் போனின் டேட்டாவை நாள் முழுக்கப் பகிரும் வீடுகள் நிறைய. சிக்னலுக்காக யன்னலில் வைத்து, சார்ஜிலும் போட்டு வைப்பார்கள். பற்றரி வீங்கி வரும் போன்களில் இப்படிப் பாவித்தவை கணிசம். தினமும் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் தேவை என்றால் சிம் போடும் ரவுட்டர் ஒன்று வாங்குவதே மலிவு. அதுவரை போனை நிழல் பக்க யன்னலில், கவர் இல்லாமல், விசிறிக் காற்றில் வையுங்கள். 80இல் நிறுத்தும் வசதியையும் போட்டுவிடுங்கள் (8ஆம் படி).

4. ஏற்கனவே சுட்ட போனை ஆற்றுவது

வரிசை முக்கியம். முதலில் சார்ஜரைக் கழற்றுங்கள். அடுத்து கமரா, விளையாட்டு, ஹொட்ஸ்பொட் எது ஓடினாலும் மூடுங்கள். கவரைக் கழற்றுங்கள். நிழலில், கடினமான தளத்தில், திரை கீழே இருக்கும்படி வைத்து மேசை விசிறியைத் திருப்பிவிடுங்கள். 36 பாகைக் காற்றும் 44 பாகைப் போனை ஆற்றும். "காற்றே சுடுகிறது, விசிறி எதற்கு" என்று விட்டுவிடாதீர்கள். 10, 15 நிமிடத்தில் 38க்கு இறங்கிவிடும். அதன் பிறகுதான் சார்ஜ்.

குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. திருகோணமலைக் காற்றில் ஈரம் அதிகம். பல நாட்களில் 24, 25 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் துளிர்க்கும். குளிர்ந்த சோடாப் போத்தல் வெளியே எடுத்ததும் வேர்ப்பதைப் பார்க்கிறோமே, போனும் அப்படித்தான் வேர்க்கும். வித்தியாசம், அது உள்ளேயும் வேர்க்கும். ஐஸ் பை, ஈரத்துணி எல்லாம் இந்தக் கணக்கில்தான்.

5. சார்ஜ் வாயைப் பாருங்கள்

"சார்ஜர் பழுது" என்று வரும் முறைப்பாடுகளில் பாதி வாயில் அடைந்த பஞ்சுதான். காற்சட்டைப் பையின் நூலும் மணலும் உள்ளே அமுங்கி, வயர் முழுதாக உட்காராமல் நிற்கும். தொடர்பு சரியாக இல்லாத இடத்தில் தடை கூடும், தடை கூடினால் அந்த முனையே சுடும்.

போனை முழுதாக அணையுங்கள். டோர்ச் வெளிச்சத்தில் வாயைப் பாருங்கள். டைப் சி வாயின் நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று இருக்கும், அதைத் தொடக்கூடாது. ஈர்க்கை நாக்குக்கும் சுவருக்கும் இடையில் விட்டு, சுவரோடு ஒட்டிச் சுரண்டி வெளியே இழுங்கள். பிறகு காய்ந்த பல்துலக்கியால் தட்டுங்கள். ஊசி, ஹேர்பின், சேஃப்டி பின் வேண்டாம், உலோகம் தொடுமுனைகளைக் குறுக்கே இணைத்துவிடும். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் போகும்.

தொடுமுனையில் பச்சையோ கறுப்போ படிந்திருந்தால் அது உப்புக் காற்றின் வேலை. கடற்கரையோரத்தில் குடியிருப்பவர்கள் மாதம் ஒருமுறை பாருங்கள். ஈரமும் உப்பும் இருக்கும் வாயில் மின்சாரம் பாய்ந்தால் உலோகம் கரையத் தொடங்கும். அதனால் "ஈரம் உள்ளது" என்று போன் எச்சரித்தால் அதைத் தட்டிவிட்டுச் சார்ஜ் போடாதீர்கள். வாய் கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, காற்றோட்டத்தில் குறைந்தது அரை மணி நேரம் வையுங்கள். அரிசிக்குள் புதைத்தால் ஈரத்தை விடத் தவிட்டுத் தூள்தான் உள்ளே போகும்.

கடல்நீரே பட்டுவிட்டால்? ஐபி 68 என்ற தண்ணீர் தாங்கும் தரமுள்ள, உடையாத, பின்பக்கம் ஒருபோதும் திறக்காத போன் என்றால் நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவித் துடைத்து உலரவிடலாம். ஒரு தடவையாவது திறந்து பழுது பார்த்த போனுக்கு அந்தத் தரம் இனி இல்லை. அதை அணைத்துவிட்டு, சார்ஜில் போடாமல், அன்றைக்கே பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

6. சார்ஜரும் வயரும்

சார்ஜரின் முதுகில் சின்ன எழுத்தில் இருக்கும் வெளியீட்டு வரியை வாசியுங்கள். 5 வோல்ட், 2 அம்பியர் என்றால் பெருக்கி 10 வோட். 9 வோல்ட், 2 அம்பியர் என்றால் 18 வோட். போன் தாங்கும் அளவைவிடப் பெரிய நல்ல சார்ஜரைக் குத்தினால் ஆபத்தில்லை, போன் தனக்குத் தேவையானதை மட்டும் எடுக்கும். தரமில்லாத சார்ஜர்தான் ஆபத்து. இங்கே வரும் 230 வோல்ட் மின்சாரத்தைப் போனிலிருந்து பிரித்து வைக்கும் பாதுகாப்பு அதற்குள் சரியாக இருக்காது. கையில் எடுத்தால் பஞ்சு போல எடையில்லாமல் இருப்பது, சார்ஜில் இருக்கும்போது திரை தானாகத் தட்டுப்படுவது, போனின் உலோக விளிம்பில் மெல்லிய கூச்சம் தெரிவது: மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்தச் சார்ஜரை விட்டுவிடுங்கள்.

வயரிலும் நட்டம் உண்டு. நீளமான மெல்லிய வயரின் தடை 0.3 ஓம் என்று வைத்தால், 2 அம்பியர் போகும்போது 0.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். 5 வோல்ட் கிளம்பி 4.4 வந்து சேரும். போன் மெதுவாக ஏறும், ஏறும் நேரம் நீளும், சூட்டில் கிடக்கும் நேரமும் நீளும்.

வேகச் சார்ஜ் பற்றரியைக் கொல்லுமா என்பது தீராத கேள்வி. கொல்வது வேகத்தோடு வரும் சூடு. ஒப்போ, ரியல்மி போன்றவற்றின் சொந்த வேகச் சார்ஜில் மின்மாற்ற வேலையின் பெரும்பங்கு சார்ஜர் கட்டிக்குள்ளேயே நடக்கும். அதனால் கட்டி சுடும், போன் அவ்வளவு சுடாது. அதே போனை வேறு சார்ஜரில் போட்டால் கதை மாறும். நடைமுறையில்: காலை நேரத்தில், விசிறிக்குக் கீழே வேகச் சார்ஜ் போடலாம். மதியம் போட்டே ஆகவேண்டும் என்றால் செட்டிங்ஸில் வேகச் சார்ஜை நிறுத்திவிட்டு மெதுவாக ஏற்றுங்கள்.

வயர்லெஸ் சார்ஜ் தட்டு இந்த ஊருக்கு ஏற்றதல்ல. அனுப்பும் மின்சாரத்தில் ஒரு பங்கு சூடாகவே போகிறது, அந்தச் சூடு பற்றரியின் முதுகுக்கு நேரே வந்து சேர்கிறது.

7. எந்த நேரத்தில் ஏற்றுவது

நாளின் குளிர்ந்த வேளை விடியற்காலை. எழும்பியதும் சார்ஜில் போட்டு, குளித்துச் சாப்பிட்டு வெளிக்கிடும்போது கழற்றுவது இங்கே மிக நல்ல பழக்கம். 5000 மில்லி அம்பியர் மணிப் பற்றரியை 10 வோட் சார்ஜரில் 20இலிருந்து 80க்கு ஏற்ற சுமார் ஒரு மணி 20 நிமிடம் போகும். 18 வோட்டில் 50 நிமிடத்துக்குள் முடியும். போதாவிட்டால் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு இன்னொரு சின்ன ஏற்றம். பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை, அவசரமில்லாவிட்டால், சார்ஜரைத் தொடாதீர்கள்.

சின்னச் சின்னதாக ஏற்றினால் "சைக்கிள்" எண்ணிக்கை ஏறிவிடும் என்ற பயம் பலருக்கு. சைக்கிள் என்பது எத்தனை தடவை குத்தினீர்கள் என்ற கணக்கல்ல, மொத்தம் 100 வீதம் செலவானால் ஒன்று. இன்று 60 வீதமும் நாளை 40 வீதமும் பாவித்தால் இரண்டு நாளுக்கும் சேர்த்து ஒரு சைக்கிள்.

சார்ஜில் இருக்கும்போது விளையாட்டு, வீடியோ அழைப்பு வேண்டாம். உள்ளே போகும் மின்சாரமும் வெளியே எடுக்கும் மின்சாரமும் இரண்டும் சுடும். கனடாவிலிருந்து அண்ணா அழைத்தால் ஒரு மணி நேரம் ஓடும் என்பது தெரிந்த விஷயம்தானே, அதற்கு முன்பே ஏற்றி வையுங்கள். புதிய சாம்சங் போன்கள் சிலவற்றில் விளையாட்டு அமைப்புகளுக்குள், பற்றரியைத் தொடாமல் சார்ஜர் மின்சாரத்தை நேரே போனுக்குக் கொடுக்கும் வசதி இருக்கிறது. பவர் டெலிவரி வகைச் சார்ஜரும், 20 வீதத்துக்கு மேல் சார்ஜும் இருந்தால்தான் அது வேலை செய்யும்.

8. மேல் எல்லையை வையுங்கள்

இப்போதுதான் 80க்கு வருகிறோம். பற்றரி நிறைய நிறைய அதன் வோல்ட் ஏறும். முழுதாக நிறைந்தால் இன்றைய போன்களில் 4.4 வோல்டை ஒட்டி நிற்கும். அந்த உயர்ந்த வோல்டில் உள்ளிருக்கும் திரவம் சிதையத் தொடங்கும், சூடு சேர்ந்தால் இன்னும் வேகமாக. ஆகவே 100ஐத் தொடுவது குற்றமல்ல, 100இல் மணிக்கணக்காக நிற்பதுதான் கெடுதல்.

ஐபோன் 15உம் அதற்குப் பிறகு வந்தவையும்: செட்டிங்ஸ், பற்றரி, சார்ஜிங் பகுதியில் 80 என்ற எல்லையை வைக்கலாம். அளவு காட்டி பிழைக்காமல் இருப்பதற்காக அது இடைக்கிடை தானாக 100 வரை ஏற்றும், பழுதல்ல. அதற்கு முந்திய ஐபோன்களில் உங்கள் தினசரி ஒழுங்கைக் கற்றுக்கொண்டு 80இல் காத்திருக்கும் முறை மட்டும் உண்டு. நேரம் தப்பித் தூங்குபவர்களுக்கு அது சரிவராது.

சாம்சங்: செட்டிங்ஸ், பற்றரி, பற்றரி புரொடெக்ஷன். பழைய போன்களில் எல்லை 85ஆக இருக்கும், அதுவும் போதும். பிக்சல் 6ஏ முதல் வந்தவற்றில் பற்றரி ஹெல்த் பக்கத்தில் 80 எல்லை இருக்கிறது. உங்கள் போனில் அப்படி எதுவும் இல்லாவிட்டால் அக்யூபேட்டரியில் 80க்கு அலாரம் வையுங்கள். அது சார்ஜை நிறுத்தாது, சத்தம் மட்டும் போடும், கழற்ற ஆள் வேண்டும்.

நீண்ட பயணத்துக்கு முதல் நாள் 100 வரை ஏற்றுங்கள். கொழும்புக்கு இரவு ரயில் ஏறுபவர் 80இல் பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. புறப்படும் நேரத்தில் 100 ஆவதுபோல் கணக்கிட்டால் சரி.

கீழ் எல்லை 20 என்பதை இறுக்கமாகப் பிடிக்கவேண்டாம். எப்போதாவது 8க்குப் போனால் ஒன்றும் ஆகாது. தினமும் போன் தானாக அணையும் வரை பாவிப்பதும், அணைந்த போனை நாட்கணக்கில் அப்படியே விடுவதும்தான் பிழை. வீதம் 30இலிருந்து திடீரென்று 12க்குப் பாய்கிறது என்றால் மட்டும், ஒருமுறை 5 வரை இறக்கி இடையறாமல் 100 வரை ஏற்றுங்கள். அளவு காட்டி நேராகும். இதைப் பற்றரிக்கு உடற்பயிற்சி என்று மாதாமாதம் செய்வதில் பயனில்லை.

9. கரண்ட் கட், இடி, பவர் பேங்க்

கரண்ட் போனதும் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். திரும்ப வரும் நொடியில் மின்னழுத்தம் துள்ளும், மலிவான சார்ஜர்கள் அந்தத் துள்ளலில்தான் போகின்றன. வந்து ஐந்து நிமிடம் கழித்துக் குத்துங்கள். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடிமுழக்கம் வழக்கம். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே இழுத்துவிடவேண்டும். ஆடும் மல்டி பிளக்கில் பொறி பறந்தால் அதை மாற்றுங்கள், கடதாசி மடித்துச் செருகி இறுக்காதீர்கள்.

10,000 என்று எழுதிய பவர் பேங்க் 5000 போனை இரண்டு தடவை நிரப்பாது. அந்த எண் உள்ளே உள்ள 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. வோல்டை ஏற்றி வெளியே கொடுப்பதில் நட்டம் போக ஒன்றரைத் தடவை வந்தால் நல்ல பவர் பேங்க். போனையும் பவர் பேங்கையும் ஒரே பைக்குள் ஒட்டிப் போட்டுச் சார்ஜ் செய்வதைத் தவிருங்கள், இரண்டு அடுப்பு ஒன்றையொன்று சூடாக்கும்.

10. பாவிக்காமல் வைக்கும் போன்

வெளிநாட்டிலிருந்து வந்த போனைப் பெட்டி உடையாமல் அலுமாரி மேல்தட்டில் வைத்து, ஒரு வருடம் கழித்துத் திறந்தால் உயிர் வராது. அணைத்து வைத்த போனிலும் சார்ஜ் மெல்ல இறங்கும். வோல்ட் மிகத் தாழ்ந்தால் உள்ளே உள்ள செப்புத் தகடு கரையத் தொடங்கும். அதற்கு முன்பே காவல் சுற்று பற்றரியைத் துண்டித்துவிடும். சார்ஜில் போட்டாலும் திரும்பாது.

50 வீதத்துக்கு ஏற்றி, முழுதாக அணைத்து, வீட்டின் குளிர்ந்த அறையில் கீழ்த்தட்டில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மறுபடி 50க்குக் கொண்டுவாருங்கள். கலண்டரில் குறித்து வைத்தால்தான் நடக்கும்.

11. மாற்றும் நேரம் வந்ததா?

ஐபோனில் பற்றரி ஹெல்த் பக்கத்தில் வீதம் தெரியும். சாம்சங்கில் சாம்சங் மெம்பர்ஸ் செயலியின் பரிசோதனைப் பகுதியில் நிலை தெரியும். மற்றவற்றில் அக்யூபேட்டரி கணித்துச் சொல்லும், ஆனால் ஐந்தாறு தடவை நீண்ட ஏற்றம் பார்த்த பிறகுதான் அந்த எண்ணை நம்பவேண்டும். 80 வீதத்துக்குக் கீழே போய், நாள் தாங்காமலும் 20, 30இல் திடீரென்று அணைந்தும் வந்தால் மாற்றலாம். 78 காட்டினாலும் உங்கள் நாள் ஓடுகிறது என்றால் அவசரமில்லை.

கடையில் மூன்று விஷயம் கேளுங்கள். புதிய பற்றரியின் கொள்ளளவு பழையதன் அளவுதானா? அதே பருமனில் ஒன்றரை மடங்கு எழுதியிருந்தால் பொய். உத்தரவாதம் எத்தனை மாதம், எழுத்தில் தருவார்களா? திறக்கும்போது திரை உடைந்தால் யார் பொறுப்பு? பிறகு, பற்றரியை உங்கள் கண்முன்னே மாற்றச் சொல்லுங்கள். ஐபோனில் அசல் பற்றரி இல்லையென்றால் செட்டிங்ஸின் அறிமுகப் பக்கத்தில் அறிவித்தல் வரும், காசு கொடுக்கும் முன் அதைப் பாருங்கள். மாற்றிய பின் தண்ணீர்த் தாங்கும் தரத்தை மறந்துவிடுங்கள்.

பின்மூடி மேலெழுவது, திரை ஒரு பக்கம் விலகி வெளிச்சம் கசிவது, மேசையில் வைத்தால் போன் சுழலுவது: இவை பற்றரி வீங்கியதன் அடையாளம். உடனே சார்ஜரைக் கழற்றி, போனை அணையுங்கள். அமுக்கி மூடப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை விட முயலவே கூடாது. உள்ளே இருப்பது எரியக்கூடிய வாயு. மணல் போட்ட மண்சட்டிக்குள் வைத்து, வீட்டுக்கு வெளியே, வெயில் படாத இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாமல் விடுங்கள். கடைக்குக் கொண்டுபோகும்போதும் சட்டைப் பையில் போடாமல் அந்தச் சட்டியோடோ, மணல் போட்ட தகர டின்னிலோ கொண்டுபோங்கள். கழற்றிய பழைய பற்றரியைக் கடையிலேயே ஒப்படையுங்கள். வீட்டுக் குப்பையோடு சேர்த்து வளவில் கொளுத்தினால் அது வெடிக்கும்.